டிஸ்க் பிதுங்கினால் அறுக்கலாமா, பொறுக்கலாமா? ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

அம்மாப்பேட்டைத் தறிவீடு:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 52 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறியில் பட்டு நெய்கிறார். ஒன்பது வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறம் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று வலி இறங்குகிறது. மிதியை அழுத்த முடிகிறது, ஆனால் ஒரு மணி நேரத்தில் பாதம் மரத்துவிடுகிறது. முதுகெலும்பின் அடியிலுள்ள எல்-5, எஸ்-1 எலும்புகளுக்கு இடையில் மெத்தை போலிருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. ஒரு மருத்துவர் இந்த மாதமே அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், பொறுங்கள், தானே அடங்கும் என்கிறார். ஆய்வுகள் தம் பக்கம்தான் இருக்கின்றன என்று இருவரும் சொல்வதுதான் எனக்குப் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

குகை இயன்முறையாளர்:

தம்பி, முதலில் அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கண்டு மிரளாதீர்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்து 1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதத்தினர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதேனும் ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, நார்வேயில் வெபர் என்ற ஆய்வாளர் 126 பேரைச் சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்குவதுபோல, இரு குழுவாகப் பிரித்துப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1983-இல் முடிவை வெளியிட்டார். முதலாண்டில் அறுவை சிகிச்சைக் குழு தெளிவாக முந்தியது. நான்காம் ஆண்டில் அந்த வேறுபாடு பெரிதும் குறைந்திருந்தது. பத்தாம் ஆண்டில் ஒன்றுமே இல்லை. நெதர்லாந்தின் லைடன் குழு 283 பேரைக் கொண்டு 2007-இல் வெளியிட்ட ஆய்விலும், ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். போய்ச் சேருமிடம் ஒன்றுதான் என்றால் முதுகில் கத்தி எதற்கு?

அறுவையாளர், அஸ்தம்பட்டி:

மதிப்பிற்குரிய நண்பர் சொன்ன எண்களில் பிழையில்லை. அவற்றை வைத்த இடத்தில்தான் பிழை. 98 பேர் ஆய்வு, வலியில்லாதவர்களுக்கும் டிஸ்க் புடைத்திருக்கலாம் என்று காட்டுகிறதே தவிர, காலில் இறங்கும் வலியும் மரமரப்பும் படத்தில் அழுத்தப்பட்ட அதே நரம்பின் பாதையில் ஒத்துப்போகும் ஒருவருக்கு அந்தப் புடைப்பு காரணமில்லை என்று காட்டவில்லை. சுண்டுவிரல் வரை இறங்குவது எஸ்-1 நரம்பின் பாதை. மிதியை அழுத்துவதும் அந்த நரம்பு இயக்கும் கெண்டைத் தசையின் வேலைதான். லைடன் ஆய்வில் பொறுத்துப் பார்க்கும் குழுவில் சேர்க்கப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் பின்னர் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அந்த 95. அமெரிக்காவில் 13 மையங்களில் நடந்து 2006-இல் வெளியான 'ஸ்போர்ட்' ஆய்வில் இது இன்னும் மோசம். அறுவை சிகிச்சை என்று சீட்டு விழுந்தவர்களில் இரண்டாண்டுக்குள் அதைச் செய்துகொண்டவர்கள் 60 சதவீதம்; வேண்டாம் என்று சீட்டு விழுந்தவர்களில் செய்துகொண்டவர்கள் 45 சதவீதம். இந்த இரு குழுக்களையும் ஒப்பிட்டு வேறுபாடு சிறிதுதான் என்பது, பாதி கலந்துவிட்ட இரண்டு குடத்துத் தண்ணீரை ருசி பார்ப்பது போல. உண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டபோது நன்மை பெரிதாகவே தெரிந்தது.

புள்ளியியல் வாத்தியார்:

டாக்டர் சொன்ன முன்பாதியை ஏற்கிறேன். பின்பாதியை ஏற்க முடியாது. அடிவாரத்தில் நின்று காசைச் சுண்டிப் பாதிப் பேரைப் பேருந்திலும் மீதியை நடையாகவும் ஏற்காட்டுக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆறாவதிலோ எட்டாவதிலோ கால் ஓய்ந்தவர்கள் கைகாட்டி வண்டியேறுகிறார்கள். பேருந்துச் சீட்டு வாங்கியவர்களில் சிலர், காலை நேரம் நன்றாக இருக்கிறதே என்று இறங்கி நடக்கிறார்கள். சீட்டுப்படி கணக்கிட்டால் பேருந்தின் வேகம் குறைவாகத் தெரியும். அதுதான் டாக்டர் சொல்லும் குறை, நியாயமானது. ஆனால் உண்மையில் ஏறி வந்தவர், நடந்து வந்தவர் என்று பிரித்தால், கடைசி வரை நடந்தவர்கள் எல்லாம் கால்வலு உள்ளவர்களாகவும், ஏறியவர்களில் பலர் துவண்டவர்களாகவும் இருப்பார்கள். காசு சுண்டியதன் பயனே போய்விடுகிறது. 'ஸ்போர்ட்' ஆய்வில் குழு மாறியவர்கள் இப்படித்தான்: அறுவை சிகிச்சைக்கு மாறியவர்கள் தொடக்கத்திலேயே கூடுதல் வலியோடு இருந்தவர்கள், அதிலிருந்து விலகியவர்கள் லேசான தொந்தரவு உள்ளவர்கள். போதாக்குறைக்கு, தனக்கு அறுத்தார்களா இல்லையா என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் தெரியும். அளவுகோலோ அவர்களே சொல்லும் வலி. நொறுங்கிய முதுகெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சையை, செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யும் நடிப்புச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2009-இல் இரண்டு ஆய்வுகள் வந்தபோது, இரண்டு தரப்புக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்திருந்தது.

அறுவையாளர், அஸ்தம்பட்டி:

சிமென்ட் சிகிச்சை வேறு, நரம்பை அழுத்தும் துண்டை எடுப்பது வேறு. ஒன்றின் தோல்வியை மற்றொன்றின் தலையில் கட்ட வேண்டாம். கனடாவில் 128 பேரைக் கொண்ட ஆய்வு 2020-இல் வெளியானது. நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை கால்வலியோடு இருந்தவர்களில், அறுவை சிகிச்சைக் குழுவின் வலி ஆறு மாதத்தில் பத்துக்கு 2.8, மற்றக் குழுவில் 5.2. இதுவும் சீட்டுப்படி கணக்கிட்டதுதான், வாத்தியார்.

அடிவாரம், ஓய்வுபெற்ற செவிலியர்:

நார்வே, அமெரிக்கா என்றே பேசுகிறீர்கள். நம் சென்னையிலேயே முதுகெலும்புக் காசநோய்க்கு இதே கேள்வியை 1970-களில் கேட்டிருக்கிறார்கள். மொத்தம் 304 பேர். ஒரு குழுவுக்கு நோயுற்ற எலும்பை முன்புறமாகத் திறந்து அகற்றி, எலும்பு ஒட்டு வைக்கும் 'ஹாங்காங்' அறுவை சிகிச்சையோடு ஆறு மாத மாத்திரை. மற்ற இரு குழுக்களுக்குக் கத்தியே இல்லாமல், நடமாடிக்கொண்டே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரைகள். பத்தாண்டு கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே 90, 94, 99 சதவீதம். அறுக்காதவர்கள் ஒரு பங்கும் தாழ்ந்துபோகவில்லை. எலும்பே அரித்துப்போகும் நோய்க்கே இந்த முடிவு என்றால், டிஸ்க்குக்கு இவ்வளவு அவசரம் தேவையா?

அறுவையாளர், அஸ்தம்பட்டி:

அம்மா, அந்த அறிக்கையின் இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பதினைந்து வயதுக்கு உட்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் விழுந்த பிள்ளைகளுக்கு, மாத்திரை மட்டும் போதவில்லை. கூன் மேலும் வளர்ந்தது. கிருமி செத்துவிட்டது, ஆனால் பிள்ளை வளரும்போது முதுகு மடிந்தது. சராசரி நன்றாக இருந்த ஆய்வுக்குள்ளேயே அறுக்க வேண்டியவர்கள் ஒளிந்திருந்தார்கள். நான் சொல்ல வருவதும் அதுதான்.

அடிவாரம், ஓய்வுபெற்ற செவிலியர்:

உண்மைதான், டாக்டர். சேர்வராயன் மலைக் கிராமமொன்றில் அப்படி ஒரு பெண்பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டவள். சட்டையின் பின்பக்கம் மட்டும் வருடா வருடம் மேலே ஏறிக்கொண்டே போனது. ஆனால் யாருக்குப் போதாது என்று அந்த ஆய்வால் வயதையும் பாகையையும் குறித்துச் சொல்ல முடிந்தது. டிஸ்க் ஆய்வுகளில் அப்படி ஒரு கோட்டை யாராவது போட்டிருக்கிறார்களா?

குகை இயன்முறையாளர்:

அவ்வளவு துல்லியமான கோடு இல்லை. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எல்லை உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்துகொண்டே வருவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் என்னிடம் வராதீர்கள், அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு வெளியே இருப்பவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அம்மாப்பேட்டைத் தறிவீடு:

எல்லோருக்கும் நன்றி. லைடன் ஆய்வில் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை வலி இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள் என்று தேடிப் படித்தேன். அப்பா சரியாக அதற்குள் வருகிறார். அதில் இயன்முறை ஐயா விட்டுவிட்ட ஓர் எண் இருக்கிறது. சீக்கிரம் அறுத்த குழுவில் பாதிப் பேர் நான்கு வாரத்துக்குள் குணமானதாக உணர்ந்தார்கள். பொறுத்தவர்களில் பாதிப் பேருக்கு 12 வாரம் ஆனது. ஓராண்டு முடிவில் சமம் என்பவர்கள் இந்த எட்டு வாரத்தைப் பொருட்படுத்துவதில்லை. நெதர்லாந்தில் நோய் விடுப்புக்குச் சம்பளம் வரும். இங்கே பாவு தறியில் ஏறியிருக்கிறது, முன்பணம் வாங்கியாகிவிட்டது, சேலை இறங்கினால்தான் கூலி.

குகை இயன்முறையாளர்:

நியாயம், தம்பி, அந்த எண்ணை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் லைடனில் யாரும் குழித்தறியில் உட்கார்ந்து நாளெல்லாம் முன்குனிந்து நாடா தள்ளவில்லை. அறுத்த நான்காம் வாரம் வலி போயிருக்கலாம். நான்காம் வாரமே குழிக்குள் இறங்க உங்கள் டாக்டர் விடுவாரா என்று கேளுங்கள்.

அறுவையாளர், அஸ்தம்பட்டி:

விடமாட்டேன். தொடக்க வாரங்களில் குனிந்து உட்காரும் வேலை கூடாது என்றுதான் சொல்வேன். அந்த எட்டு வாரத்தில் எத்தனை வாரம் உண்மையில் மிஞ்சும் என்பதை ஆய்வு சொல்லாது. உங்கள் அப்பாவின் தறிதான் சொல்லும். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று எத்தனை முறை குதிகாலைத் தூக்க முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் பொறுக்க வேண்டாம்.

அம்மாப்பேட்டைத் தறிவீடு:

பன்னிரண்டாம் வாரம் வரை பொறுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மீதி இரண்டு சேலையையும் சித்தப்பா நெய்து கொடுக்கிறார். கூலியில் பாதி அவருக்கு. அப்பா காலையில் தறிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார். திங்கட்கிழமை ஆறு, புதன்கிழமை ஆறு, இன்றைக்கு எட்டு. எட்டாவதற்குக் குதிகால் முழுதாக எழும்பவில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதே என்கிறார் அம்மா.