பழைய செம்பு வாஷரைக் காய்ச்சிப் போடலாமா, புதுசுதான் போடணுமா?

கோபிக்காரன்:
அப்பாரு 1974இல் வாங்கிய புல்லட் 350, இப்போது என் கையில். போன வாரம் ராக்கருக்கு (எஞ்சின் தலையில் வால்வைத் திறக்கிற நெம்பு) ஆயில் ஏறுகிற பைப்பைக் கழற்றித் துடைத்து, அதே செம்பு வாஷர்களோடு மாட்டினேன். அன்றிலிருந்து மேலே அந்தப் பைப்பைப் பிடித்திருக்கிற பேஞ்சோ போல்ட்டில் கசிவு. "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்கிறார்கள். இறுக்கலாமுங்களா?

சிங்காநல்லூர் லேத்:
வேண்டாம் தம்பி. அந்த போல்ட் உள்ளே குழல், குறுக்கேயும் துளை. இறுக்கினால் தலை முறிந்து மிச்சம் உள்ளேயே நின்றுவிடும். ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பள்ளம் மேட்டில் படியாது. வாஷரைக் கம்பியில் கோத்து நெருப்பில் காட்டுங்கள். மங்கலான சிவப்பு வந்ததும் தண்ணீரில் போடுங்கள். வெயிலில் அந்த நிறம் தெரியாது, பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள்.

பொள்ளாச்சி350:
அண்ணா, சூட்டோடு தண்ணீரில் போட்டால் இன்னும் கெட்டியாகிவிடாதா? உளிக்கு அப்படித்தானே பதம் வைக்கிறோம்? ஒரு டீ காசு விலை, புதுசு வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாம். நானும் காய்ச்சிப் போட்டவன்தான். ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட் வாஷரை மூன்றாவது முறை காய்ச்சிப் போட்டுக்கொண்டு வால்பாறை கிளம்பினேன். ஆழியாறு தாண்டி நாற்பது வளைவில் பாதி ஏறியிருப்பேன், பின் டயரெல்லாம் ஆயில். வளைவில் வண்டி சறுக்கியபோது வீட்டுக்காரி பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றோடு விட்டேன்.

சிங்காநல்லூர் லேத்:
அம்மணிக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். ஆனால் உளி இரும்பு, இது செம்பு. உளி இரும்பு சூட்டிலிருந்து சட்டென்று குளிர்ந்தால் கெட்டியாகும். செம்பு எப்படிக் குளிர்ந்தாலும் இளகியேதான் இருக்கும். தண்ணீரில் போடுவது மேலே படிந்த கருப்பு உதிரத்தான். செம்புப் பாத்திரம் அடிக்கிறவர்கள் அடித்து அடித்துத் தகடு கெட்டிப்பட்டதும் திரும்ப நெருப்பில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்களே. மிச்சக் கருப்பைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும்.

கடைப் புது வாஷரை சிமெண்ட் தரையில் போட்டுப் பாருங்கள். சிலது டிங் என்று சத்தம் கொடுக்கும். தகட்டிலிருந்து வெட்டியது கெட்டியாகவே இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சியது சொத்தென்று விழும். நான் புதுசையும் காய்ச்சித்தான் போடுகிறேன்.

பொள்ளாச்சி350:
சத்தத்தை ஒத்துக்கொள்கிறேன், இப்போதே இரண்டைப் போட்டுப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை நசுங்கும்போதும் வாஷர் மெலிகிறது. முகத்தில் வட்டமாகத் தடம் விழுகிறது. நெருப்பு அதைச் சரி செய்யாதே?

சிங்காநல்லூர் லேத்:
செய்யாது. கண்ணாடி மேல் நைஸ் எமரி தாளை விரித்து, வாஷரை விரலால் அழுத்தி எட்டுப் போடுவதுபோல் தேய்த்தால் தடம் போகும். தடம் ஆழமாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். வால்பாறையில் உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

ஈரோடு பம்புக்கடை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். இரும்பு வளையத்தில் ரப்பர் ஒட்டிய டௌட்டி வாஷர் ஹைட்ராலிக் கடைகளில் கிடைக்கும். முரட்டு இறுக்கு தேவையில்லை, அலுமினிய கேஸில் மரையும் பிழைக்கும்.

சிங்காநல்லூர் லேத்:
டிரெயினுக்கு அருமையான யோசனை. ராக்கர் இருக்கிற ஹெட் பக்கம் எனக்கு மனசு வராது. சாதாரண நைட்ரைல் ரப்பர் அந்தச் சூட்டில் நாளாக நாளாக விறைத்துப்போகும், அங்கே செம்புதான். இன்னொன்று: வெள்ளை நிற வாஷர் அலுமினியமாக இருந்தால் நெருப்பில் காட்டாதீர்கள். சிவக்காமலே 660 டிகிரியில் உருகி ஓடிவிடும். சிலிக்கான் பேஸ்டும் வேண்டாம், பிதுங்கிப் போய் துளையை அடைத்தால் ராக்கர் காய்ந்துவிடும்.

பொள்ளாச்சி350:
பேஸ்ட் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ராக்கருக்குப் புதுசு என்பதை மட்டும் விட மாட்டேன்.

கோபிக்காரன்:
நேற்று சாயங்காலம் புது வாஷர்களையே அடுப்பில் காய்ச்சி, பேஞ்சோவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் போட்டு, சின்ன ஸ்பானரில் அளவாக இறுக்கினேன். சுற்றிலும் முகப்பவுடர் தூவிவிட்டு சத்தி வரைக்கும் போய் வந்தேன். மேலே பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. கீழே டைமிங் கவர் பக்கத்துப் போல்ட்டை நான் தொடவில்லை, அங்கே ஒரு ஓரம் மட்டும் நனைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையும் கழற்றுகிறேன்.