உள்ளான் பறவைகளைக் கிட்டத்தில் படமெடுக்க எது நல்ல நேரம்?

கேள்வி:
இளவேனில் வந்துவிட்டது, கடலோரச் சேற்றுத்திட்டில் உள்ளான்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. இன்று காலை ஒரு கல்திருப்பி உள்ளான் பாசிக்கற்றையை அலகால் நெம்பிப் புரட்டி, அடியில் நெளிந்த பூச்சிகளைக் கொத்தியது. முதுகில் செம்பழுப்பு ஏறியிருந்தது, என்ன அழகு! ஆனால் என் 400 மி.மீ. லென்ஸுக்கு எட்டாத தூரம். நெருங்கினால் கூட்டமே எழும்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
நீங்கள் நெருங்க வேண்டாம், கடலே அவற்றைக் கொண்டுவரும். ஓதம் (கடல்நீர் ஏற்றம்) உச்சத்தை எட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வெயில் முதுகில் படும்படி தரையோடு தரையாகப் படுத்துவிடுங்கள். நீர் ஏற ஏற மேயும் இடம் சுருங்கும், பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் நகர்ந்து வரும். கேமரா தாழ்வாக இருந்தால் பின்னணியும் நன்றாக மங்கிவிடும்.

பதில் 2:
பறப்பதை எடுக்க ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வையுங்கள். வெள்ளை வயிறு வெளிறாமலிருக்க எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) கொஞ்சம் குறையுங்கள். அப்புறம், பறவைகள் மேய்வதை விட்டுத் தலையை நிமிர்த்தினால் அசையாமல் இருங்கள். வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கு இப்போதுதான் கொழுப்புச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அது கரைகிறது.

கேட்டவர்:
சரி, நாளை உச்ச ஓதம் ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கே போய்ப் படுத்துவிடுகிறேன்.