எம்டி தீசிஸ்: எத்திக்ஸ் கமிட்டி முதலா, டிபிஎச் அனுமதி முதலா?

முதலாண்டு_எம்டி

வணக்கம். தனியார் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவம் எம்டி முதலாண்டு படிக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் அதை ஒழுங்காகப் போடுகிறார்களா, நிறுத்துகிறவர்கள் எதனால் நிறுத்துகிறார்கள் என்பதுதான் என் தீசிஸ். இரண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களை (பிஎச்சி) எடுத்திருக்கிறேன். ஆய்வில் பங்கேற்கிறவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டியின் ஆபீசில் கேட்டால் பொது சுகாதார இயக்குநரகத்தின் (டிபிஎச்) அனுமதிக் கடிதம் எங்கே என்கிறார்கள், அந்தப் பக்கம் கேட்டால் முதலில் எத்திக்ஸ் சான்றிதழ் கொண்டு வாங்க என்கிறார்கள். எதை முதலில் வாங்குவது?

ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது, கேள்வித்தாளும் பிபி பார்ப்பதும் மட்டும்தான், இதற்கு எத்திக்ஸ் பரிசீலனையிலிருந்து விலக்கே கிடைக்கும் என்கிறார் ஒரு சீனியர். உண்மையா? பிஎச்சி ரெஜிஸ்டரை போட்டோ எடுத்து அதிலிருந்து சாம்பிள் எடுக்கலாமா? கமிட்டி கூடுவதற்குள் ஒரு பத்துப் பேரிடம் பைலட் (முன்னோட்டம்) முடித்துவிடலாமா? புரோட்டோகால், அதாவது எழுதிய ஆய்வுத் திட்டம், கொடுக்க வேண்டிய தேதி நெருங்குகிறது, அதனால்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கிறேன்.

சமூகமருத்துவம்_ஆசிரியர்

டாக்டர், பைலட்டை முதலில் நிறுத்தி வையுங்கள். பத்துப் பேர் என்றாலும் அவர்களும் ஆய்வில் பங்கேற்றவர்கள்தான். அனுமதிக்கு முன்னால் எடுத்த தரவுக்கு எந்தக் கமிட்டியும் பிறகு சான்று தரக் கூடாது, ஜர்னலில் அனுமதி எண்ணையும் தேதியையும் கேட்கும்போது அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். கேள்வித்தாள் புரிகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பைலட்டையும் புரோட்டோகாலில் எழுதி அதற்கும் சேர்த்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

விலக்கு பற்றி: ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டு நெறிமுறைகளில் விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் கமிட்டி என்று மூன்று வகை உண்டு. உங்கள் ஆய்வு எதில் சேரும் என்று கமிட்டிதான் சொல்ல வேண்டும், ஆய்வு செய்கிறவரோ கைடோ தாங்களாகவே முடிவு செய்ய முடியாது. பெயர், முகவரி தெரிந்து வீட்டுக்கே போய்ப் பேசுகிற ஆய்வுக்கு விலக்கு எதிர்பார்க்காதீர்கள். விரைவுப் பரிசீலனை கிடைத்தால் நல்லது.

எது முதலில் என்ற சிக்கலுக்கு வழக்கமான வழி இதுதான். கல்லூரியின் அறிவியல் குழுவில் புரோட்டோகால் தேறியதும் எத்திக்ஸ் கமிட்டியின் உறுப்பினர் செயலரைப் பார்த்து, "இயக்குநரகத்தின் அனுமதி வந்த பிறகே தரவு சேகரிப்பேன்" என்று எழுதிக் கொடுத்து நிபந்தனையோடு அனுமதி தர முடியுமா என்று கேளுங்கள். தந்தால், அந்தக் கடிதத்தோடு துறைத்தலைவர், டீன் வழியாக இயக்குநரகத்துக்கு விண்ணப்பியுங்கள். அங்கிருந்து வரும் உத்தரவின் நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அந்தந்த பிஎச்சி மருத்துவ அலுவலருக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எந்த நாட்களில் வருவீர்கள் என்று பேசிக்கொள்ளுங்கள். இயக்குநரகத்துக்குப் போகும் காகிதம் எந்த மேசையில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை விசாரியுங்கள், தானாக நகராது.

ரெஜிஸ்டரை போட்டோ எடுக்கவே வேண்டாம். பிஎச்சியிலேயே வைத்து வரிசை எண்ணை மட்டும் கொண்டு சாம்பிள் எடுக்கலாம். அதில் வந்தவர்களிடம் அங்கே வேலை செய்கிறவர்கள் முதலில் "இப்படி ஒரு டாக்டர் உங்களைப் பார்க்க வரலாமா" என்று கேட்கட்டும், சம்மதித்தவர்களின் முகவரி மட்டும் உங்கள் கைக்கு வரட்டும். இதையும் புரோட்டோகாலில் எழுதுங்கள்.

எம்எஸ்சி_நர்சிங்

உங்களுடையது அப்சர்வேஷனல் ஸ்டடி, எதையும் கொடுக்காமல் இருப்பதை மட்டும் பார்க்கிற ஆய்வு என்பதால் இது உங்களுக்கு இல்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யோகா, ஆலோசனை, விளக்கப் படம் என்று எதையாவது கொடுத்துப் பலன் பார்க்கிற தீசிஸ் என்றால் சிடிஆர்ஐ, அதாவது மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டில் பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது. 2018 ஏப்ரல் 1 முதல் முன்பதிவு மட்டும்தான், முதல் ஆளைச் சேர்த்த பிறகு போனால் பதிய மாட்டார்கள். எத்திக்ஸ் கடிதத்தை அதில் ஏற்ற வேண்டும், அவர்கள் சந்தேகம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். அப்புறம், உங்கள் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் பற்றிய 2019 விதிகளின்படி அது கட்டாயம்.

கமிட்டி_உறுப்பினர்

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில் பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருக்கிறேன். கமிட்டியில் வழக்கறிஞரும் சமூகவியல் தெரிந்தவரும் என்னைப் போன்ற ஒருவரும் இருக்க வேண்டும், தலைவர் கல்லூரிக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்று விதி வைத்திருப்பதே, பேஷண்ட் பக்கம் நின்று கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் ஆய்வு என் முன்னால் வந்தால் நான் கேட்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டுக்கு உங்களை யார் கூட்டிப்போகிறார்கள்? மாதாமாதம் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலரா? அவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பாட்டியும் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்ல மாட்டார். "அந்த மாத்திரையை நான் போடுவதே இல்லை" என்றும் சொல்ல மாட்டார். உங்கள் தீசிஸே அந்தப் பதிலை நம்பித்தான் இருக்கிறது. அவர் வீட்டைக் காட்டிவிட்டுக் கிளம்பட்டும், ஒப்புதல் கேட்பதும் பேட்டி எடுப்பதும் அவர் இல்லாதபோது நடக்கட்டும். கைநாட்டு வைக்கிறவர்களுக்குச் சாட்சி தேவைப்படும், அந்தச் சாட்சியும் அவராக இருக்கக் கூடாது, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் வேண்டும்.

தகவல் தாளின் மேற்பகுதியிலேயே "நீங்கள் மறுத்தாலும், பாதியில் நிறுத்தினாலும் மாத்திரை வருவது நிற்காது" என்று எழுதி, அதை வாயாலும் சொல்லுங்கள். எங்களிடம் வருகிற தாள்களில் இது கடைசிப் பக்கத்தில் நாலு வரி நீளமுள்ள ஒரு வாக்கியத்துக்குள் புதைந்து கிடக்கிறது, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதிய தாளை மருத்துவம் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பிபி பார்க்கிறீர்கள். 180/110 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. அன்றே யாரிடம் அனுப்புவீர்கள், போய்ச் சேர்ந்தாரா என்று யார் பார்ப்பார்கள் என்பது புரோட்டோகாலில் இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

முதலாண்டு_எம்டி

எல்லாருக்கும் மிக்க நன்றி. தன்னார்வலர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, கைடிடம் பேசி அந்தப் பகுதியை மாற்றி எழுதுகிறேன். பைலட்டையும் புரோட்டோகாலிலேயே சேர்த்துவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம், அனுமதி வந்து பைலட் முடிந்த பிறகு கேள்விகளை மாற்ற வேண்டி வந்தால்?

சமூகமருத்துவம்_ஆசிரியர்

திருத்தமாக மீண்டும் கமிட்டிக்கு அனுப்புங்கள். பழைய கேள்வித்தாள், புதியது, எதற்காக மாற்றம் என்ற கடிதம், மூன்றும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு. சின்ன மாற்றங்களுக்கு முழுக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டியிருக்காது, ஆனால் பதில் கடிதம் கையில் வரும்வரை பழையதையும் பயன்படுத்தாதீர்கள், புதியதையும் பயன்படுத்தாதீர்கள்.