தவக்காலத்தைப் பிரபலங்கள் விளம்பரப்படுத்துவது முறையா?

கார்முகில் (கேள்வி):
அமெரிக்க நடிகர் மார்க் வால்பெர்க் 2023ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் சிலுவையுடன் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றி நோன்பைப் பற்றிப் பேசினார். மறு ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு மூன்று நாட்கள் முன்பு நடைபெற்ற சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது, ஹேலோ என்னும் ஜெபச் செயலியின் விளம்பரத்திலும் அவரே வந்தார். நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் அல்லன். ஆனால், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு, பிறர் அறியாதபடி இருக்க வேண்டும் என்று இயேசு சொன்னதாக மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறேன். அப்படியானால் இந்த விளம்பரத்தைக் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையினரும் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறீர்கள்?

மறைக்கல்வி ஆசிரியர்:
நீங்கள் குறிப்பிட்ட அதே பகுதிதான் திருநீற்றுப் புதன் திருப்பலியில் நற்செய்தியாக வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்ட கையோடு நாங்கள் எழுந்து சென்று சாம்பல் பூசிக்கொள்கிறோம். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சாம்பல் பக்தியின் பதக்கம் அன்று. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்து எடுத்த அந்தச் சாம்பலை, 'நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்னும் பொருளுள்ள சொற்களுடன் குருவானவர் இடும்போது, வரிசையில் நிற்கும் அனைவரும் பாவிகள் என்பதே அங்கே சொல்லப்படுகிறது. உரோமையில் சாம்பலை உச்சந்தலையில் தூவுவதே வழக்கம். திருத்தந்தையும் அப்படித்தான் பெறுகிறார். எந்தக் கேமராவுக்கும் அது எளிதில் அகப்படாது!

திருச்சபைச் சட்டம் தெளிவானது. பதினெட்டு வயது நிறைந்ததிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும்வரை உள்ளோர் திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நோன்பிருக்க வேண்டும். அதாவது ஒரு முழு உணவும், இரண்டும் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாத அளவில் இரு சிற்றுணவும் மட்டுமே. பதினான்கு வயது நிறைந்தவர்கள் அவ்விரு நாட்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். நோன்பைப் பற்றி வெளியே பேசலாமா என்பதை அவரவர் மனச்சான்றே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வால்பெர்க் பேசுவதைக் கேட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் ஆலயத்திற்குத் திரும்புவாரானால், எனக்கு அதில் வருத்தமில்லை.

சுவிசேஷ வாசகன்:
சீர்திருத்தச் சபைகள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் லெந்து காலத்தை, அதாவது தவக்காலத்தை, ஆசரிக்கின்றன. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகமே லெந்தின் நாற்பது நாட்களை உபவாச நாட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பல பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளிலோ அப்படியொரு காலமே அனுசரிக்கப்படுவதில்லை. தேவை எழும்போது சபையாகவோ தனியாகவோ உபவாசம் இருப்பார்கள்.

எங்கள் தரப்பின் எதிர்ப்பு உபவாசத்தின்மீது எழுந்தது அன்று, கட்டாயத்தின்மீது எழுந்தது. 1522ஆம் ஆண்டு, இறைச்சி விலக்கப்பட்டிருந்த லெந்து காலத்தில், சூரிச் நகர அச்சகத்தார் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவர், வேலைப்பளுவால் களைத்துப்போன தம் தொழிலாளர்களுக்குப் புகையூட்டிய இறைச்சிக் குழல்களை வெட்டிப் பரிமாறினார். அங்கே இருந்த சீர்திருத்தப் போதகர் உல்ரிச் சுவிங்லி தாம் அதைத் தொடவில்லை. ஆயினும் சில வாரங்களுக்குள், எந்த உணவை உண்பது என்பதில் கிறிஸ்தவனுக்குச் சுதந்திரம் உண்டு என்று பிரசங்கித்து, உண்டவர்களுக்காக வாதாடினார். இந்த நிகழ்வை நினைத்துப் பார்க்கும்போதுதான் இன்றைய விளம்பரம் எனக்கு உறுத்துகிறது. சட்டத்தின் கட்டாயம் போன இடத்தில், 'இவ்வருடம் நீ எதை விட்டுவிட்டாய்?' என்று சமூக ஊடகம் கேட்கும் கட்டாயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிரபலம் ஒருவர் கேட்டால் அதன் எடை இன்னும் கூடிவிடுகிறது. சாம்பலை நான் குறை சொல்லவில்லை. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் 1979ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்திலேயே அதற்கு இடம் உண்டு, விருப்பத்தின்பேரில்.

கார்முகில்:
இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: அந்தச் செயலியை முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறதே? விசுவாசத்தை அறிக்கையிடுவதும் அதைச் சந்தாவாக விற்பதும் ஒன்றா?

மறைக்கல்வி ஆசிரியர்:
ஒன்றல்ல. செபப் புத்தகங்களும் விலைக்குத்தான் வருகின்றன என்பதால் சந்தாவை மட்டும் தனியே பழிக்க மாட்டேன். என் மனத்தாங்கல் வேறு. தவக்காலத்தின் மூன்று கடமைகள் இறைவேண்டல், நோன்பு, ஈகை. விளம்பரத்தில் முதல் இரண்டும் அழகாக அமைந்துவிடுகின்றன, மூன்றாவதை அங்கே காண்பது அரிது. உண்ணாமல் மிச்சம் பிடித்த பணம் ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே பழைய போதனை. அதைச் செயலிக்குக் கட்டிவிட்டு நோன்பு முடிந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

சுவிசேஷ வாசகன்:
இதில் உங்களோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். மத்தேயு 6ஆம் அதிகாரம் தொடங்குவதே தர்மத்தைப் பற்றித்தான். தாரை ஊதாமல் கொடு என்கிறது.