ஓநாய்க்கும் பாப்கேட்டுக்கும் கண்ணி: பனி ஏறினால் உயரம் என்ன ஆகிறது?

அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா மலைக்காடுகளில் ஓநாய்க்கும் பாப்கேட் என்ற காட்டுப்பூனைக்கும் குளிர்காலக் கண்ணி வைக்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். கண்ணியருகே பார்த்ததை எழுதுங்கள். மாட்டியதைவிட, மாட்டாமல் போனது எதனால் என்று எழுதினால் அதிக உபயோகம். உயரத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

கண்ணி என்பது மரத்தில் கட்டிய கேபிளின் சுருக்கு வளையம், தலை நுழைந்து இழுத்தால் கழுத்தில் இறுகும். ஓநாய்க்கு வளையத்தின் விட்டம் 16 அங்குலம். வளையத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலம். சிக்கல் இந்தத் 'தரை' என்ற சொல்லில்தான். இங்கே தரை என்பது மண் அல்ல. ஓநாயின் பாதம் போய் நிற்கும் மட்டம். ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓடிய தடத்தில் அது பலகை மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டிய உடனே இல்லை, ஒரு ராத்திரி இறுகியபின். ஈரம் காயாத தடத்தில் அளந்து கட்டினால் மறுநாள் கணக்கு தப்பும்.

புதுப்பனி விழுந்து பாதம் நிற்கும் மட்டம் ஆறு அங்குலம் ஏறினால் கண்ணி அந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓநாய் தலையை முதுகு மட்டத்தில் வைத்துக்கொண்டு நடக்கிற பிராணி. வளையம் தாழ்ந்தால் தலையோடு முன்கால் ஒன்றும் உள்ளே போகும். சுருக்கு கழுத்தில் ஏறாது, மார்பைச் சுற்றி விழும். மார்பில் விழுந்த ஓநாய் சாகாது, கேபிளைக் கடிக்கும். ஒவ்வொரு புரியாகக் கடித்து அறுத்துவிட்டுப் போயிருக்கும். மரத்தில் தொங்குகிற முனை தூரிகை மாதிரி விரிந்திருக்கும். அந்த முனையைப் பார்த்தால் உயரத்தில்தான் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ரெண்டு நாள் வெயிலடித்துத் தடம் இறங்கினால் வளையம் மேலே நின்றுவிடும். கால்தடம் கண்ணிக்கு அடியில் நேராகப் போயிருக்கும், நடை கொஞ்சமும் மாறியிருக்காது. 'ஓநாய் மோப்பம் பிடித்துவிட்டது' என்று சொல்கிறவர்கள் முதலில் அளவுகோலை எடுக்கட்டும்.

—

மறுமொழி: உயரம் சரி. கேபிளையும் சொல்லிவிடுகிறேன். ஓநாய்க்கு 1/8 அங்குலம், 7×7 பின்னல்: ஏழு புரி, புரிக்கு ஏழு கம்பி. அறுபடும் பாரம் சுமார் 1,700 பவுண்டு. 3/32 அங்குலத்தில் அதே பின்னல் 920 பவுண்டுதான் தாங்கும். அதுவும் போதும் என்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. காரணம் பாரம் அல்ல, முறுக்கு. மாட்டிய பிராணி சுற்றிச் சுற்றி வரும். ஸ்விவல் (கேபிள் முறுக்கேறாமல் சுழன்று கொடுக்கும் இணைப்பு) சுழலாமல் உறைந்துவிட்டால் கேபிள் முறுக்கேறி மடிந்து, மடிந்த இடத்தில் பாதிப் பாரத்துக்கே அறும். அதனால் கட்டும் முனையில் ஒன்று, நடுவில் ஒன்று என ரெண்டு ஸ்விவல். ஒருமுறை பிராணி மாட்டிய கேபிளைத் திரும்பப் போடாதீர்கள், லாக்கை (இறுகிய சுருக்கு தளராமல் பிடிக்கும் துண்டு) மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

கடையிலிருந்து வந்த கேபிள் பளபளவென்று எண்ணெயோடு இருக்கும். சமையல் சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் எண்ணெயும் போகும், பளபளப்பும் மங்கிச் சாம்பல் நிறமாகும். சமையல் பாத்திரத்தில் செய்யக்கூடாது, வெளியில் அடுப்பு மூட்டிச் செய்யுங்கள்.

உறைமழைக்குப் பிறகு லாக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். பனிக்கட்டி பிடித்துக் கேபிளோடு ஒட்டியிருக்கும். ஓநாய் நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகும், சுருக்கு இறுகாது, வளையத்தை நிறுத்திவைக்கும் தாங்குகம்பி மட்டும் வளைந்து கிடக்கும். உறைபனிப் பூ படிந்தால் இன்னொரு கேடு: வளையம் விரல் தடிமனுக்கு வெள்ளை வட்டமாகத் தெரியும். குச்சியால் தட்டி உதிர்த்தால் போதும்.

—

மறுமொழி: பாப்கேட் பற்றி யாரும் எழுதவில்லையே. வளையம் 8 அல்லது 9 அங்குலம், அடிவிளிம்பு 8 முதல் 10 அங்குல உயரத்தில். கேபிள் 5/64 தாராளம், ஆறேழு கிலோவிலிருந்து பதின்மூன்று கிலோ வரைதான் பூனை.

இது ஓநாய் மாதிரி தடம் பிடித்து ஓடாது. பாறை விளிம்பு, சாய்ந்த மரத்தின் அடி, பள்ளத்தின் மேல் விழுந்துகிடக்கும் கட்டை, இவற்றையே திரும்பத் திரும்ப உபயோகிக்கும். மூக்கைவிடக் கண்ணை நம்பும். காற்றில் ஆடும் ஒற்றை இறகு போதும், தள்ளிப் போகிற பூனை திரும்பி வரும். ஆனால் இறைச்சியை வெளியில் தெரியவிடாதீர்கள். மேலிருந்து பார்த்துவிட்டு முதலில் வருவது பொன்னாங்கழுகுதான். இரையை மூடித்தான் வைக்கவேண்டும் என்று பல மாநிலங்களில் விதி இருப்பதற்குக் காரணமும் கழுகுதான்.

ஒன்று அவசியம் தெரிந்திருக்க வேண்டும்: அது பாப்கேட்டா, அதே சாயலுள்ள இன்னொரு காட்டுப்பூனையான கனடா லின்க்ஸா? அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் லின்க்ஸ் 2000-லிருந்து பாதுகாக்கப்பட்ட இனம். வாலைத் தூக்கிப் பாருங்கள். நுனி சுற்றிலும் கறுப்பாக, மையில் தோய்த்த மாதிரி இருந்தால் லின்க்ஸ். மேல்பக்கம் மட்டும் கறுத்து அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் பாப்கேட். பனியில் தடமும் சொல்லும்: பாப்கேட் பாதம் சுமார் 2 அங்குல அகலம், பனியில் நன்றாகப் புதையும். லின்க்ஸ் பாதம் அதைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பு, அதே பனியில் மேலாகவே நடந்து போயிருக்கும். அந்தப் பெரிய தடம் கண்ட இடத்தில் கண்ணி வைக்காமல் திரும்புவதுதான் சரி.

காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பாப்கேட் இருக்கிறது. தோலில் மாநில அரசின் அடையாளப் பூட்டு இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

—

மறுமொழி: ஓநாய்க்கு வைத்த கண்ணியில் மான், மூஸ் (மிகப் பெரிய மான் வகை) மாட்டுவதைப் பற்றி. மொன்டானா 2021-இல் ஓநாய்க்குக் கண்ணி வைக்க அனுமதித்தபோது எழுந்த பெரிய எதிர்ப்பே இதுதான், நியாயமான எதிர்ப்பு.

பலமாக இழுத்தால் விரிந்து பிராணியை விடுவிக்கும் கொக்கி ஒன்றை லாக்கில் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கொக்கி விரிய வேண்டுமானால் மறுமுனை அசையக்கூடாது. இழுபடும் கட்டையில் கட்டியிருந்தால் மான் பாய்ந்ததும் கட்டையும் கூடவே வரும். இழுப்பின் வேகம் அதிலேயே கரைந்துவிடும், கொக்கி விரியாது. உயிருள்ள, கை அகலத்துக்குக் குறையாத மரத்தில் கட்டுங்கள். பக்கத்தில் கேபிள் சுற்றிக்கொள்ளும் இளஞ்செடி இருந்தாலும் அதே கதைதான்.

கொக்கியைவிட நம்பகமானது, மேலே குறுக்கே ஒரு கழி. வளையத்துக்குச் சற்று மேலே உலர்ந்த கழி ஒன்றைச் சாய்த்து வைத்தால் மான் தாண்டிப் போகும், ஓநாய் குனிந்து வளையத்துக்குள் வரும். பனி ஏறினால் இந்தக் கழியையும் ஏற்ற வேண்டும். கண்ணியை ஏற்றிவிட்டுக் கழியை மறப்பவர்கள் நிறைய. மான்தடம் புதிதாகக் குறுக்கிட்டால் கண்ணியை எடுத்துவிடுங்கள், கழியெல்லாம் அப்புறம்.

கண்ணியைப் போய்ப் பார்க்கும் இடைவெளி: ஐடஹோவில் 72 மணி நேரம், மொன்டானாவில் ஓநாய்க்கு 48. அது சட்டத்தின் மேல்வரம்பு. பனி கொட்டினால் மறுநாளே போகவேண்டும்.

—

மறுமொழி: நாயோடு காட்டில் நடக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு. நாய் மாட்டினால் கேபிளை இழுக்காதீர்கள், நாயையும் இழுக்க விடாதீர்கள். முதலில் கேபிள் கட்டியிருக்கும் மரத்தின் பக்கம் நாயை நகர்த்துங்கள், கேபிள் தொய்யும். வட்டத்தகடு மாதிரியான லாக் என்றால் தகட்டைக் கேபிளுக்குச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து, கேபிளை உள்ளே தள்ளினால் தளரும். பல்லுள்ள லாக் தளராது, வெட்டத்தான் வேண்டும். பிடரிப் பக்கம் மயிர் அடர்த்தி. அங்கே கட்டரின் கீழ்வாயை நுழைக்க இடம் கிடைக்கும்.

சாதாரணக் குறடு 1/8 கேபிளை வெட்டாது, நசுக்கும். கேபிள் கட்டர் என்றே கேட்டு வாங்குங்கள். கேபிள் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கையுறை போட்ட கையால் வீட்டிலேயே ரெண்டு தடவை வெட்டிப் பாருங்கள்.