கோத்தகிரியில் மூன்று மாதம்: இ-விசாவா, கண்டிக்குப் போவதா?

பொகவந்தலாவைக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் 36 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். பேர் போடவும் கொழுந்து நிறுக்கவும் தெரியும். விசா விஷயம் சுத்தமாகத் தெரியாது. போன வருடம் வேலையிலிருந்து நின்றேன். சேமலாப நிதிப் பணத்தில் மகளின் நகைக்கடனை அடைத்ததுபோக மிச்சம் இருப்பதை வைத்து, மனைவியும் நானும் இந்தியாவுக்குப் போவதென்று இருக்கிறோம். பத்து நாளில் கோயில் குளம் பார்த்துவிட்டு ஓடிவரும் பயணம் அல்ல. மூன்று மாதம்.

காரணம் அக்கா. 1964ல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் தோட்டத்துச் சனத்தை 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம் என்று பங்கு போட்டார்கள் அல்லவா, அதில் அத்தான் வீடு அந்தப் பக்கம் விழுந்தது. 1973ல் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். எனக்குப் பத்து வயது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அக்கா ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையில் பாதி தின்ற பணிஸ் ஒன்று இருந்தது. எனக்குக் கொடுக்க நீட்டினாரா, கையசைத்தாரா, இன்றுவரை தெரியாது. அப்பாவும் இந்தியாவுக்குத்தான் எழுதிப்போட்டிருந்தார். பதில் வரவில்லை, 1984ல் கப்பலும் நின்றுபோனது. அக்கா இரண்டு தடவை இங்கே வந்துபோனார். நான் ஒரு தடவையும் போனதில்லை. இப்போது நீலகிரி மலையில் கோத்தகிரியில் இருக்கிறார், வயது 71. தை மாதத்தில் பேத்திக்குக் கல்யாணம்.

மருமகன் கைப்பேசியிலேயே இ-விசா போடலாம் என்கிறார். உட்கார்ந்தோம். 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று மூன்று வகை காட்டுகிறது. எதை எடுப்பது என்று முடிவு செய்யும் முன்பே இன்னொரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். பிரஜாவுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெற்றதா என்று கேட்கிறது. நான் பிறந்தது 1963ல், இதே தோட்டத்து லயத்தில். பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்தது 2004ல், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் வருடத்து 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். மனைவி நான்கு காம்பரா தள்ளிப் பிறந்தவள். அவளுடைய அப்பாவுக்கு ஐம்பதுகளிலேயே பதிவாகிவிட்டதால் அவளுக்கு இது பிறப்பால் வந்தது. ஒரு தட்டில் முடிந்தது. எனக்கு இரண்டாவதைத் தட்டினால் முன்னைய நாடு எது என்று கேட்கிறது. என்ன போடுவது? மருமகன் "பிறப்பு என்றே போடுங்கள் மாமா, யார் பார்க்கப்போகிறார்கள்" என்றார். யாராவது பார்த்தால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

போதாக்குறைக்கு இந்தியாவில் வெளிநாட்டவர் சட்டமே மாறிவிட்டதாம், புதிதாக ஏதோ அட்டை நிரப்ப வேண்டுமாம். டிசம்பர் 20 புறப்பட்டு மார்ச் 20 திரும்ப எண்ணம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டி மலர் எழுதுகிறார்:

நல்ல வேளை, டிக்கெட் எடுக்கவில்லை. ஐயா, என் மகள் திருச்சியில் படிக்கிறாள். வருடத்துக்கு மூன்று தடவையாவது போய்வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

30 நாள் விசா உங்களுக்கு உதவாது. இ-விசாவை அங்கே போய் நீட்டிக்க முடியாது. ஒரு வருட விசா எடுங்கள். அதை 120 நாளுக்கு முன்பிருந்தே போடலாம். ஆனால் அதற்கு நாள் ஓடத் தொடங்குவது அனுமதி கிடைத்த அன்றைக்கு, விமானம் ஏறுகிற அன்றைக்கு அல்ல. 30 நாள் விசாவுக்குத்தான் போய் இறங்கிய நாளிலிருந்து கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய விஷயம் இனித்தான். ஒரு வருட விசா என்றாலும் நம்மவர்கள் ஒரே தடவையில் தொடர்ந்து 90 நாள்தான் தங்கலாம். நீங்களோ 20க்கு 20 என்று மாதக் கணக்கு பார்க்கிறீர்கள். விரல் விட்டு எண்ணுங்கள்: டிசம்பரில் 12, ஜனவரியில் 31, பெப்ரவரியில் 28, மார்ச்சில் 20. மொத்தம் 91. இறங்கும் நாளையும் நான் எப்போதும் சேர்த்தே எண்ணுவேன். ஒரு நாள்தானே என்று விமான நிலையத்தில் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். 17, 18ஆம் திகதியிலேயே திரும்புகிற மாதிரி எடுங்கள். விமானம் பிந்தினாலும் மூச்சுவிட இடம் இருக்கும்.

அட்டை என்று நீங்கள் கேட்டது இ-வருகை அட்டை. 2025 அக்டோபர் முதல் வந்திருக்கிறது. முன்பு விமானத்தில் பேனா கடன் வாங்கி எழுதுவோமே, அதேதான். இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். காசு இல்லை. அது விசாவும் இல்லை.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் தடவை நான் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொடுத்துத்தான் விசா போட்டேன். அந்தப் பையன் தேடியதும் முதலில் வந்த தளத்தைத் திறந்தான். அசோகச் சக்கரம், தாஜ்மகால் எல்லாம் போட்டு அசல் மாதிரியே இருந்தது. உண்மைக் கட்டணத்தைப்போல மூன்று மடங்கு போனது. விசா வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் யாரோ உட்கார்ந்து தின்றுவிட்டார்கள். முகவரி 'ஜிஓவி புள்ளி ஐஎன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுங்கள்.

பிரஜாவுரிமைக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அதை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

தலவாக்கலை ரைடர் எழுதுகிறார்:

அண்ணன், இவ்வளவு தலையிடி எதற்கு? தாய்லாந்தில் 2024 ஜூலையில் 93 நாட்டாருக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று திறந்துவிட்டார்கள், நம் நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. நான் போய்வந்தேன். கடல், சாப்பாடு எல்லாம் அருமை. அங்கேயும் விதி அடிக்கடி மாறுகிறது, போகும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொகவந்தலாவைக்காரன்:

தாய்லாந்தில் எனக்கு அக்கா இல்லை, தம்பி.

மலர், 91 என்று நீங்கள் எண்ணிக் காட்டியதைப் பார்த்து வெட்கமாகிவிட்டது. 36 வருடம் மாதக் கடைசியில் ஆயிரம் பேருக்கு நாள் கணக்கு முடித்தவன், என் கணக்கில் ஒரு நாளைத் தவறவிட்டேன்.

கோத்தகிரிப் பேரன் எழுதுகிறார்:

வணக்கம் மாமா. என் தாத்தா பாட்டி மஸ்கெலியாவிலிருந்து வந்தவர்கள். மண்டபம் முகாமில் இருந்துவிட்டுப் பிறகு டான்டீ தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார்கள். அவர்களைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968ல் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டம் அது. எனக்கு முப்பது வயதாகப் போகிறது, பிறந்தது குன்னூரில். இன்றைக்கும் கடைவீதியில் எங்களைச் 'சிலோன்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் வந்தால் நிஜமான சிலோன்காரர் ஒருவரைக் காட்டலாம்.

உங்கள் அக்கா வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர் லாட்ஜில் தங்கினாலும் சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும், தங்கவைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். சி படிவம் என்று நெடுநாளாகச் சொல்வார்கள். 1946ஆம் வருடத்து வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை போகவில்லை. "என் தம்பி வந்ததற்கு நான் ஏன் போலீசுக்குச் சொல்ல வேண்டும்" என்று எங்கள் பாட்டியும் கோபித்துக்கொண்டார். அக்கா மகனிடம் இப்போதே சொல்லி, அவர் பெயரில் கணக்கு ஒன்று திறந்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வந்து இறங்கிய களைப்போடு அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

திருச்சியில் இறங்கினால் கோவை, மேட்டுப்பாளையம் வழியாக பஸ்ஸிலேயே வந்துவிடலாம். வாடகைக் கார் பிடித்தால் வண்டிக்கு இ-பாஸ் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு அது வேண்டும். பஸ்ஸில் வருகிறவருக்கு ஒன்றும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள், மலையில் தடை. குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கும். அத்தைக்குக் கம்பளிச் சட்டை அவசியம்.

நோர்வூட் மாஸ்டர் எழுதுகிறார்:

நீங்கள் மாட்டிக்கொண்ட கேள்விக்கு வருகிறேன். மருமகன் சொன்னதைக் கேட்காதீர்கள். படிவத்தின் கடைசியில் எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லித்தான் அனுப்புகிறீர்கள்.

1948ஆம் வருடத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது என்றாகிவிட்டது. அப்பாவுக்கு இருந்தால்தான் பிள்ளைக்கு. உங்கள் அப்பாவுக்கு இல்லை, அதனால் உங்களுக்கும் இல்லை. ஆக 2004 வரை நீங்கள் நாடற்றவர். இந்தியரும் அல்ல, இலங்கையரும் அல்ல. முன்னைய நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் பழைய இந்தியக் கடவுச்சீட்டு எங்கே, அதை ஒப்படைத்தீர்களா என்று வேறு கதை தொடங்கும். அப்பாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்கிறீர்கள், நல்லது. சிலருடைய அப்பாமாருக்குக் கடவுச்சீட்டே வந்து, கப்பல் நின்றதால் பெட்டியோடு இங்கேயே தங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தார் யாராவது இதை வாசித்தால், பெட்டியைத் திறந்து பழைய கடதாசியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

என் யோசனை: இ-விசாவை விடுங்கள். கைப்பேசித் திரைக்கு உங்கள் கதையைச் சொல்ல முடியாது. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் இருக்கிறது. அந்த விசா நிலையத்துக்குச் சான்றிதழையே எடுத்துக்கொண்டு போங்கள். நம்மைப் போன்றவர்களின் கடதாசிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய இடம் அது. ஒரு நாள் வீணாகும், அவ்வளவுதான்.

பொகவந்தலாவைக்காரன் (மூன்று வாரம் கழித்து):

முடிந்தது. மாஸ்டர் சொன்னபடி கண்டிக்கே போனேன். விடியற்காலை முதல் பஸ். சான்றிதழ் பிஸ்கட் டின்னில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில் இருந்தது. மடித்த இடத்தில் கிழியப் பார்க்கிறது; மனைவி இரண்டு கொப்பி மட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தந்தாள்.

கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சான்றிதழை வாசித்தார், உள்ளே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். பின்னர் பெற்றது என்பதையே தெரிவு செய்யச் சொன்னார். முன்னைய நாட்டைப் பற்றித் தனிக் கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தரச் சொன்னார். "ஒரு வரி போதும் ஐயா" என்றார். பிறந்த நாள் முதல் 2004ஆம் வருடம் வரை நான் எந்த நாட்டின் பிரஜையாகவும் இருக்கவில்லை. இவ்வளவுதான் வரி. அதை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. முதல் தாளில் 'இருக்கவில்லை' என்பதற்குப் பதிலாக 'இருக்க விடவில்லை' என்று எழுதிவிட்டேன். அந்தப் பிள்ளை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வெள்ளைத் தாள் தந்தார்.

எட்டாம் நாள் இருவருடைய கடவுச்சீட்டும் வந்தன. ஒவ்வொரு தடவையும் 90 நாள் என்றுதான் இதிலும் இருக்கிறது. மலர் சொன்ன கணக்கு இங்கேயும் தப்பவில்லை. திரும்ப மார்ச் 17க்கு டிக்கெட் எடுத்தாயிற்று: 88 நாள். அக்கா மகன் இணையத்தில் கணக்குத் திறந்துவிட்டதாகச் சொன்னார். பேரனுக்கு நன்றி, கோத்தகிரியில் கட்டாயம் சந்திப்போம்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அக்கா கேட்டிருப்பது கித்துள் கருப்பட்டி, மாசிக் கருவாடு, நம் தோட்டத்து ஸ்டோரில் அரைத்த தேயிலை இரண்டு கிலோ. கோத்தகிரிக்குத் தேயிலை கொண்டுபோவதா என்று மனைவி சிரிக்கிறாள். ஆனாலும் எடுத்துவிட்டேன். மாசிதான் கவலை, எப்படிக் கட்டினாலும் பெட்டியைத் தாண்டி மணக்கிறது. மலர், நீங்கள் மகளுக்கு எப்படிக் கொண்டுபோகிறீர்கள்?

கண்டி மலர்:

நன்றாக வெயிலில் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, மிளகாய்ச் சம்பலோடு வறுத்துப் போத்தலில் அடையுங்கள். மூடியைச் சுற்றி மெழுகு. பெட்டியில்தான் போட வேண்டும், கைப்பையில் வேண்டாம்.