தேரோட்டக் காணொளியில் ஒலித்த திரைப்பாட்டுக்கு யார் பொறுப்பு?

வைகைக்கரை:
ஊர்த் தேரோட்டத்தை ஒருவர் இருபது நிமிடம் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வடம் பிடிக்கும் இடத்தில் குழாய் ஒலிபெருக்கியில் ஓடும் திரைப்பாட்டு, மேளச் சத்தத்துக்கும் கூட்டத்தின் இரைச்சலுக்கும் நடுவே அரை நிமிடம் கேட்கிறது. கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கி முறை அதைக் கண்டுகொண்டால், பாட்டின் உரிமையாளர் காணொளியின் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். காணொளியை முடக்கவும் செய்யலாம். தான் போடாத பாட்டுக்கு அவர் யாரிடம் போய் அனுமதி கேட்பார்?

கமகம்:
அன்றாடம் நடப்பது வேறு. சமையல் காணொளிக்கும் மலைப்பயணக் காணொளிக்கும் பிடித்த பாட்டைத் தேடியெடுத்து ஒட்டிவிட்டு, "பாடல் உரிமை உரியவர்களுக்கே" என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும் என நினைக்கிறார்கள். அந்த வரி அனுமதி ஆகாது. முப்பது விநாடிக்குள் இருந்தால் தவறில்லை என்ற பேச்சுக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத்தொகைப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி 2012இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றோர் போராடிப் பெற்ற அந்தப் பங்கில்தான் அனுமதியின்றி எடுப்பவர்கள் கைவைக்கிறார்கள்.

தராசு:
தெரிந்தே சேர்த்த பாட்டையும் தானாகப் பதிவான பாட்டையும் நீங்கள் இருவரும் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள். சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, மெய்யான சமயச் சடங்கில் பாட்டை ஒலிக்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது. ஆகவே விழாக் குழு அந்த விலக்கைக் கோரலாம், படம் பிடித்து வெளியிட்டவரால் முடியாது. படத்தின் பின்னணியில் தற்செயலாக வந்துவிடும் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அதே பிரிவு விலக்குத் தருகிறது, இசைக்குத் தரவில்லை. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ தற்செயலாகப் பதிவான இசைக்கும் விலக்களித்து, வேண்டுமென்றே சேர்த்த இசைக்கு மறுக்கிறது. நமக்குத் தேவை இந்த வேறுபாடுதான். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பாடகி தாம் பாடிய பாடல்களின் சில வரிகளைப் பாடிய வழக்கில், அது பொருட்படுத்தத் தேவையற்ற அளவு சிறிய பயன்பாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் கருதியது உண்மைதான்; ஆனால் கோயில் விழாவைப் படம் பிடிப்பவர் அதை நம்பி உயர் நீதிமன்றம் வரை போவாரா?

கமகம்:
தற்செயல் என்பதை யார் தீர்மானிப்பது? ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் நின்று முழுப் பாட்டையும் பதிவு செய்பவரும் தற்செயல் என்றே சொல்வார். கடந்துபோகும் வண்டியிலிருந்து கேட்கும் பாட்டுக்கு உரிமையாளர் வருமானம் எடுக்கக் கூடாதென்று யூடியூபே 2019இல் விதி கொண்டுவந்ததே.

வைகைக்கரை:
அந்த விதி, மனிதர் பார்த்துக் கைப்படத் தொடுக்கும் உரிமைக்கோரல்களுக்கு மட்டும்தான் பொருந்தும். தானியங்கி முறை பிடிப்பதற்குப் பொருந்தாது. மறுப்புத் தெரிவித்தால் பதில் சொல்ல உரிமையாளருக்கு 30 நாள் அவகாசம் உண்டு, முடக்கப்பட்ட திருவிழாக் காணொளியை அதற்குப் பிறகு யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? அரை நிமிடப் பாட்டுக்கு அரை நிமிடத்துக்குரிய பங்கையாவது கணக்கிட்டு எடுக்கட்டும், மீதியைப் படம் பிடித்தவருக்கு விடட்டும்.

கமகம்:
பின்னணியில் கேட்டதற்கு அப்படிக் கணக்கிடுவதை ஏற்கிறேன். தேர்ந்தெடுத்து ஒட்டிய பாட்டுக்கு ஏற்க மாட்டேன். பார்ப்பவரை நிறுத்தி வைப்பதே பல்லவியின் முதல் பத்து விநாடி என்னும்போது, அதன் விலையைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது; இசையமைத்தவரும் உரிமையாளரும்தான் சொல்ல வேண்டும்.